பழைய பிக்கப்பில் பெட்ரோல் லைன் ஒழுகினால் நீங்களே மாற்றுவது எப்படி

பழைய பிக்கப் வண்டிகளில் பெட்ரோல் லைன் ஒழுகுவது அடிக்கடி நடப்பதுதான். டேங்கிலிருந்து இன்ஜின் வரைக்கும் வண்டியின் முக்கால்வாசி நீளத்துக்கு ஓடுகிற இரும்புக் குழாய், சேறும் தண்ணீரும் தெறிக்கிற சேஸிஸ் ஓரத்திலேயே இருபது முப்பது வருடம் கிடக்கிறது, துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த வேலைக்குப் பெரிய பட்டறை தேவையில்லை. பொறுமை, சரியான ஹோஸ், ஒரு சின்ன பைப் கட்டர் இருந்தால் இதுவரை வண்டிக்கு அடியில் படுத்தே பார்க்காதவர்கூடச் செய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓட்டையை அடைப்பது ரிப்பேர் ஆகாது. எபாக்சி பசை, டேப், சிலிக்கான், சுற்றிக் கட்டுகிற ரப்பர் துண்டு எதுவும் வேண்டாம். சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உரிந்து வந்துவிடும், எபாக்சி துருவின் மேல் ஒட்டாது, ஒட்டினாலும் வண்டியின் அதிர்வில் விரிசல் விடும். கெட்ட பகுதியை நல்ல உலோகம் தெரிகிற வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவதுதான் வழி. கீழே சொல்வது எல்லாம் அதைப் பற்றித்தான்.

ஒழுகல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அது சொட்டுச் சொட்டாக இருந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள். பட்டறைக்குப் போக வேண்டுமென்றால் இழுத்துக்கொண்டு போங்கள். சூடான எக்ஸாஸ்ட் பைப் அந்த லைனுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது.

முதலில் நெருப்பைப் பற்றி

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். பெட்ரோலின் தீப்பற்றுநிலை மைனஸ் 43 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது, அதாவது எவ்வளவு குளிரான நாளாக இருந்தாலும் அது ஆவியாகித் தீப்பிடிக்கத் தயாராகத்தான் இருக்கும். காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதைவிட ஆபத்தானது, அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும், பள்ளத்தில் தேங்கும். நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது உங்கள் முகம் இருக்கிற உயரத்தில்தான் அதுவும் இருக்கும். அதனால் சர்வீஸ் பள்ளத்துக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யவே கூடாது. பக்கத்து அறையில் எரிகிற கேஸ் ஹீட்டர் வரைக்கும்கூட ஆவி போய்விடும்.

எனவே திறந்த வெளியில், சமதளத்தில், நிழலில் வேலை செய்யுங்கள். இன்ஜினும் எக்ஸாஸ்ட்டும் முழுக்க ஆறியிருக்க வேண்டும், தொட்டால் சூடே தெரியக்கூடாது. பழைய குண்டு பல்பு கை விளக்கைக் கொண்டுபோகாதீர்கள், ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் கண்ணாடி வெடித்து உள்ளிருக்கும் கம்பி வெளியே வந்துவிடும். பேட்டரியில் எரியும் மூடிய எல்ஈடி விளக்கு போதும். கிரைண்டர், டிரில் மெஷின், வெல்டிங் எதுவும் அன்றைக்கு அந்தப் பக்கமே வரக்கூடாது. பீடி சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, ஆனால் உதவிக்கு வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். உலர் பவுடர் வகை நல்லது, கார்பன் டை ஆக்சைடு வகையும் சரி. தண்ணீர் வேண்டாம், பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து நெருப்பைப் பரப்பும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு நைட்ரைல் கையுறை. கண்ணில் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள். டேங்கிலிருந்து பெட்ரோலை எடுக்க வாயால் உறிஞ்சுவது பலரும் செய்கிற வேலை, தயவுசெய்து வேண்டாம். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் கொஞ்சம் இறங்குவதுதான் அதில் பெரிய ஆபத்து. கையால் அமுக்குகிற சின்ன பம்ப் போதும்.

வண்டியைத் தூக்கினால் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள். சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வையுங்கள், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள், பிறகு வண்டியைக் கையால் தள்ளி அசைத்துப் பாருங்கள். பிக்கப் கொஞ்சம் உயரமான வண்டி என்பதால் பல இடங்களில் தூக்காமலே வேலை முடிந்துவிடும், அப்படி முடிந்தால் அதுவே நல்லது.

ஒழுகுகிற இடம் எது

பெரும்பாலானவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஈரமாக இருக்கிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. பெட்ரோல் குழாயின் அடிப்பக்கமாகவே வழிந்து ஓடி, அதன் மிகத் தாழ்வான இடத்திலோ ஒரு கிளிப்பிலோ வந்துதான் சொட்டும். ஆகவே சொட்டுகிற இடத்திலிருந்து மேல்நோக்கிப் போங்கள். முதலில் அந்தப் பகுதி முழுவதையும் துணியால் துடைத்துக் காய விடுங்கள், அப்புறம் லைனின் கீழே சுத்தமான அட்டையை விரித்து வையுங்கள். எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டியில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், ஸ்டார்ட் செய்யாமலே, பம்ப் ஒன்றிரண்டு நொடி ஓடி லைனில் அழுத்தம் ஏற்றும். ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். கார்புரேட்டரும் மெக்கானிக்கல் பம்பும் உள்ள வண்டியில் இன்ஜின் சுற்றினால்தான் பம்ப் வேலை செய்யும், அதனால் சில நொடிகள் கிராங்க் செய்தால், அதாவது ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றவிட்டால் போதும்.

எந்த லைன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பிக்கப்பில் பொதுவாக மூன்று குழாய் சேர்ந்து ஓடும். ஒன்று டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போவது, இன்னொன்று மிச்ச பெட்ரோலைத் திருப்பிக் கொண்டுவருவது, மூன்றாவது டேங்கின் ஆவியை முன்னால் இருக்கும், ஆவியை உறிஞ்சி வைக்கிற கரி டப்பாவுக்குக் கொண்டுபோவது. போகிற லைன் பெரும்பாலும் 5/16 அல்லது 3/8 அங்குலம், ஜப்பானிய வண்டி என்றால் 8 மில்லிமீட்டர் பார்க்கலாம். திரும்பி வருகிற லைன் பல வண்டிகளில் ஒரு சைஸ் சின்னது. சில வண்டிகளில், முக்கியமாகப் பழைய ஃபோர்டு பிக்கப்களில், இரண்டு டேங்க் இருக்கும், நடுவில் ஒரு மாற்று வால்வு இருக்கும். அதில் லைன்களின் எண்ணிக்கையும் கூடும், ஒழுகுகிற இடங்களும் கூடும், அதனால் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோன் கேமராவில் படம் எடுப்பதை வேலை தொடங்கும் முன்பே முடித்து ஃபோனை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

துரு எங்கே பிடிக்கும் என்பது எல்லா வண்டியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு உள்ளே பாருங்கள், அங்கே சேறு சேர்ந்து ஈரம் காயாமலே இருக்கும். பின் ஆக்ஸிலுக்கு மேலே லைன் வளைகிற இடம், டேங்கின் மேல்பக்கம், சக்கரம் தண்ணீர் அடிக்கிற இடம், ஃபில்டர் பொருத்தியிருக்கும் இரு பக்கமும் அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை. ரப்பர் ஹோஸ் என்றால் இன்ஜின் பக்கத்துச் சூட்டில் இறுகி வெடிக்கும். விரலால் வளைத்துப் பாருங்கள், மேலே மெல்லிய கோடு கோடாக விரிசல் தெரிந்தாலோ, கட்டை மாதிரி வளையாமல் நின்றாலோ, மாறாகக் கொழகொழவென்று இருந்தாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதற்கு முன் செய்த ஹோஸ்கள் உள்ளிருந்து கரைந்து, கறுப்புத் துகளாக ஃபில்டரில் வந்து சேர்வதும் உண்டு.

லைன் என்று நினைத்தது வேறாக இருக்கவும் கூடும். கார்புரேட்டரின் மிதவை சிக்கிக்கொண்டால் மேலிருந்து வழிந்து கீழே சொட்டும். மெக்கானிக்கல் பம்பின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் பம்பின் உடம்பில் உள்ள சின்னத் துளை வழியாக வெளியே வரும், சில சமயம் இன்ஜின் ஆயிலுக்குள்ளும் போகும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜினை ஓட்டாதீர்கள், பம்பையும் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டேங்க் நிறையப் பிடித்தால் மட்டும் ஒழுகுகிறது என்றால் டேங்கின் மேல்பக்கத்து ஹோஸையோ பெட்ரோல் ஊற்றும் கழுத்தின் ஹோஸையோ சந்தேகப்படுங்கள்.

எந்த அழுத்தம், எந்த ஹோஸ்

கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்பது தெரிந்தாக வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் அழுத்தம் 4 முதல் 7 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அலகு) அளவுதான். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் முதல் பாதியிலும் வந்த சில வண்டிகளில் கார்புரேட்டர் இருக்கும் இடத்திலேயே பெட்ரோலைத் தூவுகிற இன்ஜெக்டர் இருக்கும், அவற்றில் 9 முதல் 15 பிஎஸ்ஐ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ளவற்றில் 35-லிருந்து 60-க்கு மேல்கூடப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே கறுப்பு ஹோஸ்தான், ஆனால் கார்புரேட்டருக்கான ஹோஸை இன்ஜெக்ஷன் வண்டியில் போட்டால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் வெடித்துப் பீய்ச்சி அடிக்கும். சூடான இன்ஜின் மேல் பீய்ச்சுகிற பெட்ரோல் எப்படி முடியும் என்று விளக்கத் தேவையில்லை.

ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்ற தர எண் இருந்தால் அது கார்புரேட்டருக்கு, அதிகபட்சம் 50 பிஎஸ்ஐ. ஜே30 ஆர்9 என்று இருந்தால் இன்ஜெக்ஷனுக்கு, 100 பிஎஸ்ஐ தாங்கும், உள்பக்கம் எத்தனாலையும் தாங்குகிற ரப்பர். டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கியிருக்கும் ஹோஸ் என்றால் ஆர்10 தான், மற்றவற்றின் வெளிப்பக்கம் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கத் தாங்காது. கார்புரேட்டர் வண்டிக்கு ஆர்9 போடுவதில் தவறே இல்லை, விலை கூடுதல் என்றாலும் நான் எல்லா வண்டிக்கும் அதைத்தான் சொல்வேன். எதுவும் அச்சிடாத ஹோஸை, தண்ணீர் ஹோஸை, வேக்குவம் ஹோஸை, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூபைத் தொடாதீர்கள்.

கிளாம்பிலும் இதே கவனம் வேண்டும். திருகிச் சுற்றுகிற சாதாரணப் பட்டை கிளாம்பில் துளைகள் இருக்கும், இறுக்கும்போது அந்தத் துளைகளின் ஓரம் ஹோஸை வெட்டும். இன்ஜெக்ஷன் கிளாம்ப் என்று தனியாகக் கிடைக்கும், அதன் ஓரங்கள் மேல்நோக்கி உருட்டிவிடப்பட்டிருக்கும், சின்ன போல்ட்டும் நட்டும் போட்டு வட்டமாக ஒரே சீராக இறுக்கும். அதையே வாங்குங்கள்.

குழாய்க்கு மூன்று நல்ல தேர்வுகள் உண்டு. பூச்சு போட்ட இரும்பு மலிவு. நிக்கல் கலந்த செம்பு கையாலேயே வளையும், துருப்பிடிக்காது, புதிதாகச் செய்கிறவருக்கு இதைவிட எளிதானது கிடையாது. துருப்பிடிக்காத எஃகு நீண்ட காலம் வரும், ஆனால் வளைக்கவும் முனை மடக்கவும் கை பழகியிருக்க வேண்டும். வெறும் செம்புக் குழாய் வேண்டாம். அதிர்வில் இறுகி விரிசல் விடும், பெட்ரோலைப் பிசினாக மாற்றவும் தூண்டும்.

அழுத்தத்தை இறக்குவது

இன்ஜெக்ஷன் வண்டியில் இன்ஜின் நின்ற பிறகும் லைனில் அழுத்தம் இருக்கும், நேராக நட்டைக் கழற்றினால் முகத்தில் அடிக்கும். ஃப்யூஸ் பெட்டியில் பெட்ரோல் பம்பின் ஃப்யூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள், லைனில் இருப்பதைக் குடித்துவிட்டு அதுவாகவே நின்றுவிடும். இன்னும் இரண்டு மூன்று நொடி கிராங்க் செய்யுங்கள். இதைச் செய்ய ஒழுகல் அனுமதிக்க வேண்டும். பீய்ச்சி அடிக்கிற ஒழுகலாக இருந்தால் இன்ஜினை ஓட்டவே வேண்டாம், ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஒரு ராத்திரி விட்டுவிட்டால் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். சில வண்டிகளில் இன்ஜின் மேல் உள்ள ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், டயர் வால்வு மாதிரி ஒன்று இருக்கும், அதன் மேல் துணியைப் போட்டு மூடி மெதுவாக அமுக்கினால் மிச்ச அழுத்தமும் வெளியேறும். கார்புரேட்டர் வண்டியில் அழுத்தம் குறைவுதான், ஆனால் முதல் நட்டைச் சுற்றித் துணியைப் பிடித்தபடி கழற்றுவது நல்ல பழக்கம்.

இதற்குப் பிறகு டேங்க் மூடியைத் திறந்து ஆவி அழுத்தத்தை விட்டுவிட்டு மறுபடி மூடுங்கள். இன்ஜின் வேலை எல்லாம் முடிந்துவிட்டதால் இப்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் வேலையை வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் போய்விடும், ஏனென்றால் டேங்க் மட்டத்துக்குக் கீழே லைனைத் திறந்தால் அதுவாகவே இழுத்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை ஓடும். பொருத்தமான ரப்பர் மூடி ஒன்றையோ, ஒரு முனையில் போல்ட்டைச் செருகிக் கிளாம்ப் போட்ட துண்டு ஹோஸையோ முன்பே தயாராக வைத்திருந்தால் திறந்த முனையை உடனே அடைத்துவிடலாம். வடிகிற பெட்ரோலை அதற்கான மூடியுள்ள கேனில், கேன் தரையில் இருக்கும்படி பிடியுங்கள். தண்ணீர் பாட்டிலும் திறந்த பக்கெட்டும் வேண்டாம்.

ரப்பர் ஹோஸ் மட்டும் என்றால்

இது எளிது. கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை முறுக்கி இழுங்கள், வராவிட்டால் நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்துவிடுங்கள், ஆனால் கீழே உள்ள உலோக முனையில் கத்தி கோடு போடக்கூடாது, அந்தக் கோடு வழியாகவே அடுத்த ஒழுகல் வரும். பழைய ஹோஸின் நீளத்துக்கு ஒட்டியே புதியதை வெட்டுங்கள், கூரான பிளேடால், நேராக. முனையில் துருவோ ஒட்டிய ரப்பரோ இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் சுத்தம் செய்யுங்கள். துளி இன்ஜின் ஆயில் தடவி ஹோஸைச் செருகினால் வழுக்கிக்கொண்டு போகும். ஓர் அங்குலம் உள்ளே போக வேண்டும், குழாய் முனையில் புடைத்திருக்கும் வளையத்தைத் தாண்டித்தான் கிளாம்ப் உட்கார வேண்டும், வளையத்தின் மேலேயே இல்லை. ஹோஸ் கொஞ்சம் பிதுங்குகிற அளவுக்கு இறுக்கினால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் வெட்டும். ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் வண்டியில் உள்ள மற்ற ஹோஸ்களும் அதே வயதுதான், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

உலோகக் குழாயில் ஓட்டை என்றால்

இங்கே முடிவு உங்கள் கையில். ஓட்டைக்கு இரு பக்கமும் கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள், பித்தளைத் தூரிகையாக இருந்தால் பொறி வராது. துரு மேலோட்டமாக இருந்து உள்ளே பளபளப்பான இரும்பு வந்துவிட்டால் துண்டு மட்டும் மாற்றலாம். தேய்க்கத் தேய்க்கப் பள்ளமாகவே வந்துகொண்டிருந்தால் அந்த லைன் முழுவதும் போய்விட்டது, துண்டு மாற்றினால் அடுத்த மாதம் அரை அடி தள்ளி மறுபடி ஒழுகும்.

துண்டு மாற்றுவதற்கு, சின்ன பைப் கட்டரைக் குழாயில் மாட்டிச் சுற்றுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இரும்பு ரம்பத்தால் அறுக்காதீர்கள், அதன் தூள் உள்ளே போய் இன்ஜெக்டரில் போய் நிற்கும். வெட்டிய முனையின் உள் ஓரத்தில் இருக்கும் பிசிறை நீக்கித் துடைத்துவிடுங்கள். அப்புறம் பலரும் விட்டுவிடுகிற ஒரு வேலை இருக்கிறது. வெட்டிய மொட்டைக் குழாயில் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போட்டால், அழுத்தத்தில் அது வழுக்கிக் கழன்று வரும். குழாயின் வாயை விரித்து மடக்குகிற ஃப்ளேர் கருவியின் முதல் படியை மட்டும் செய்து முனையில் ஒரு புடைப்பு வளையம் உண்டாக்குங்கள், அந்த வளையம்தான் ஹோஸைக் கழலவிடாமல் பிடிக்கும். இரண்டு முனைக்கும் இதைச் செய்த பிறகு ஆர்9 ஹோஸை மேலே சொன்ன மாதிரி பொருத்துங்கள். துண்டு சின்னதாக இருக்கட்டும். வண்டியின் பாதி நீளத்துக்கு ரப்பர் ஓடவிடுவதும், எக்ஸாஸ்ட் பக்கத்தில் ரப்பர் போடுவதும் கூடாது.

அதிக அழுத்த வண்டியில் ரப்பரைவிட, புதிய குழாய்த் துண்டை இரட்டை மடக்கு ஃப்ளேரும் நட்டும், இரண்டு குழாயைச் சேர்க்கும் யூனியனும் போட்டு இணைப்பதே சிறந்தது. நட்டைக் குழாயில் முதலில் நுழைத்துவிட்டு அப்புறம் மடக்குங்கள், வரிசை மாறினால் மடக்கியதை வெட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான். பழைய முனை எந்த வகை மடக்கு என்று பாருங்கள், 45 டிகிரி இரட்டை மடக்கும் குமிழ் வடிவ மடக்கும் ஒன்றோடொன்று சேராது. ஃப்ளேர் இணைப்பில் வெள்ளை டேப் சுற்றக் கூடாது. அங்கே உலோகம் உலோகத்தோடு உட்கார்ந்துதான் அடைக்கிறது, டேப்பின் நூல் பிய்ந்து உள்ளே போய்விடும். அமுக்கி இறுக்கும் வளைய இணைப்புகளை இன்ஜெக்ஷன் லைனில் போடுவதை நான் சொல்ல மாட்டேன்.

பழைய நட்டுகளைக் கழற்ற, முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். சாதாரண ஸ்பேனர் மூலைகளை உருட்டிவிடும், குழாய் நுழைகிற அளவு வாய் திறந்திருக்கும் லைன் ஸ்பேனர் வேண்டும். ஒரு ஸ்பேனரால் எதிர்ப்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்புங்கள், இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொள்ளும்.

முழு லைனையும் மாற்றுவதானால் பழையதை முடிந்தவரை உடையாமல் எடுத்து மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியிலேயே ஒரு கயிற்றை ஓட்டி நீளத்தை அளந்து, கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். வளைவுகளைக் கையால் ஒடிக்காமல் வளைக்கும் கருவியால் செய்யுங்கள், ஒருமுறை நசுங்கிய இடம் நசுங்கியதுதான். பழைய லைன் போன பாதையிலேயே புதியதும் போகட்டும், எக்ஸாஸ்ட்டையும் அசைகிற எதையும் தொடக்கூடாது, ஓர் அடி ஒன்றரை அடிக்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப் போட்டால் அதிர்வில் தேயாது.

ஒழுகல் டேங்கின் மேல்பக்கம் என்றால் பிக்கப்புக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. டேங்கை இறக்குவதற்குப் பதிலாகப் பின்னால் இருக்கும் சரக்குப் பெட்டியைத் தூக்கிவிடலாம். அதைச் சேஸிஸோடு பிடித்திருப்பது பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு போல்ட்டுகள், கூடவே பின் விளக்கு வயர், எர்த் வயர், பெட்ரோல் ஊற்றும் கழுத்து. இவற்றைக் கழற்றிவிட்டு மூன்று நான்கு பேர் சேர்ந்து தூக்கினால் டேங்கின் மேல்பக்கம் முழுக்கக் கண்ணெதிரே வந்துவிடும். பாதி நிறைந்த டேங்கை நெஞ்சின் மேல் தாங்கிக்கொண்டு இறக்குவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

நைலான் லைனும் அழுத்தினால் பூட்டுகிற இணைப்புகளும் உள்ள வண்டி என்றால், அந்த இணைப்பைத் திறக்கத் தனியாகச் சின்னக் கருவி வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உள்ளிருக்கும் காது உடையும். நைலானில் ஓட்டை விழுந்தால் அதற்கேற்ற இணைப்புப் பொருள்களோடு வரும் நைலான் துண்டையே போடுங்கள், அதன் மேல் ரப்பர் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போடுவது வெகுநாள் நிற்காது.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு

டேங்கிலிருந்து இன்ஜெக்ஷன் பம்ப் வரை மேலே சொன்ன முறைதான், ஹோஸ் டீசலுக்கும் ஏற்றதா என்று மட்டும் பாருங்கள். பம்ப் இழுக்கிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஃபில்டருக்கு அருகே உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது தெரியும், பார்த்ததும் எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கையால் அமுக்கும் பம்பால் காற்றை வெளியேற்ற வேண்டும். ஆனால் இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகிற கெட்டிக் குழாய்களை நீங்களாகச் சரிசெய்ய வேண்டாம். பழைய இன்ஜின்களிலேயே அங்கே அழுத்தம் நூறு பாரைத் (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ) தாண்டும், காமன் ரெயில் வகைப் புதிய இன்ஜின் என்றால் ஆயிரத்தையும் தாண்டும். ஊசி முனை அளவு ஒழுகலைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலுக்குள் ஏறிவிடும், வலி முதலில் குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

சோதனை

ஃபில்டரை இதோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள், அதன் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். எல்லா இணைப்பையும் இன்னொரு முறை கையால் இழுத்துப் பாருங்கள். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, நனைந்த துணிகளை எடுத்துவிட்டு, வாடை முழுக்கப் போகும் வரை காத்திருங்கள். அதற்குப் பிறகுதான் பேட்டரி வயரை மாட்ட வேண்டும், மாட்டும்போது ஒரு சின்னப் பொறி வரும் என்பதை மறக்காதீர்கள். பிறகு ஃப்யூஸைப் போட்டு, சாவியை ஆன் செய்து இரண்டு நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள், இப்படி நான்கைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் இணைப்புகளைக் காய்ந்த வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். துணி காய்ந்தே இருந்தால் ஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்துத் தலையிலிருந்து வால் வரை ஒருமுறை பாருங்கள். ஒரு சொட்டு தெரிந்தாலும் உடனே நிறுத்தி, மறுபடி அழுத்தத்தை இறக்கி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். ஓடுகிற இன்ஜினில் நட்டை ‘கொஞ்சம்’ இறுக்குவது கிடையாது.

முதல் ஓட்டம் பக்கத்திலேயே இருக்கட்டும். ரப்பர் ஹோஸ் ஒருமுறை சூடாகி ஆறினால் கொஞ்சம் அமுங்கும், ஆகவே அடுத்த நாள் இன்ஜின் ஆறியிருக்கும்போது கிளாம்புகளை ஒருமுறை பார்த்து, தளர்ந்திருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். ஒரு வாரம் வரை நிறுத்துகிற இடத்தில் அட்டை போட்டு வையுங்கள். வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் அதுவரை வண்டியை விட வேண்டாம்.

நனைந்த துணிகளைக் குவித்துக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். வெளியே, நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், அதுவரை வைக்க வேண்டுமென்றால் மூடியுள்ள இரும்பு டப்பா. வடித்த பெட்ரோல் சுத்தமாக இருந்தால் மெல்லிய வலை வைத்த புனல் வழியாக டேங்கிலேயே திரும்ப ஊற்றலாம். துருவோ தண்ணீரோ கலந்திருந்தால் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், கழிவு எண்ணெய் வாங்கிக்கொள்கிற இடத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.